கமேலியா என்ற பெயரில் விற்கப்படுவது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மாடித் தோட்டப் பகுதியில், கமேலியா மலரைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் வெளியான குறிப்பு தொடர்பாக இதை எழுதுகிறேன். ரோஜாவையும் செம்பருத்தியையும் தாண்டி வேறொரு மலரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த முனைந்தமை பாராட்டத்தக்கது. ஆனால், கமேலியா ஒரு வகை ஜப்பானிய ரோஜா என்றும், நல்ல வெயில் படும் எந்த மொட்டை மாடியிலும் வளரும் என்றும், சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களில் கன்றுகள் கிடைக்கின்றன என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இவை மூன்றும் பிழையானவை. அச்சில் வந்ததை நம்பும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் மிச்சமிருப்பதால், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டார் பணம் கட்டி ஏமாந்தனர். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தோவாளையில் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவன். அஞ்சல் துறைப் பணியின்போது பதினோரு ஆண்டுகள் குன்னூரில் இருந்தேன். 1874ஆம் ஆண்டில் உருவான சிம்ஸ் பூங்காவில்தான் கமேலியாவை முதன்முதலில் கண்டேன். தாவரவியல் படித்தவன் அல்லன். ஆனால் அந்தச் செடியின்மேல் ஏற்பட்ட ஈடுபாட்டினால் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன்.

முதலாவதாக, கமேலியாவுக்கும் ரோஜாவுக்கும் உறவில்லை. பழைய ஐரோப்பியர் இதனை 'ஜப்பான் ரோஜா' என்று அழைத்ததுண்டு. அது தோற்றத்தைக் கண்டு இட்ட பெயர். கமேலியாவின் உண்மையான உறவு நாம் நாள்தோறும் காலையில் குடிக்கும் தேநீருடன் இருக்கிறது. தேயிலைச் செடியின் தாவரவியல் பெயரே 'கமேலியா சைனென்சிஸ்' என்பதாகும். செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் தேயிலையைத் 'தியா' என்ற தனிப் பேரினமாகத்தான் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றே என்று கண்டு தேயிலையைக் கமேலியாவுக்குள் கொண்டு வந்தனர். மாஞ்சோலைக்கோ பொன்முடிக்கோ சென்று வந்த நம் மாவட்டத்தார் யாவரும் கமேலியாத் தோட்டத்தின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டவர்களே. ஆனால் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. ஏனெனில் கொழுந்துக்காக இடுப்பளவில் கவாத்து செய்து வைக்கப்படும் செடி பூப்பதற்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. கவனிப்பாரற்று விடப்பட்ட தேயிலை, மரமாக ஓங்கி வளர்ந்து, வெள்ளை இதழ்களும் நடுவில் பொன்னிறக் கேசரங்களுமாக, அதாவது மகரந்தம் தாங்கும் இழைகளுமாகப் பூக்கும். அதை ஒருவர் திடீரென்று காட்டினால், மணக்குடிக் கடற்கரைப் பக்கத்துப் புன்னைப்பூ என்றே நம்மில் பலர் சொல்வோம். அவ்வளவு ஒப்புமை. குடும்பம் வேறு, தோற்றம் மட்டும் ஒன்று.

புன்னையைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புன்னைக்கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்து நம் கடலோரத்தார் விளக்கெரிக்கவும் படகுகளுக்குப் பூசவும் பயன்படுத்தியது போல, ஜப்பானியர் தம் நாட்டுக் கமேலியாவின் விதையிலிருந்து எண்ணெய் ஆட்டிக் கூந்தலுக்குப் பூசி வந்திருக்கிறார்கள். சீனாவில் 'கமேலியா ஒலிஃபெரா' என்ற இனத்தின் எண்ணெய் சமையலுக்கே பயன்படுகிறது. அழகுக்கென்று மட்டும் வளர்க்கப்படும் செடி என்ற எண்ணம் நம்மவர்க்கு ஏற்பட வேண்டியதில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். குன்னூரில் என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் ஒட்டகத்துக்கு உள்ள சொல்லைக் கொண்டு, இது பாலைவனச் செடி என்றே நெடுநாள் நினைத்திருந்தார். ஒட்டகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் பிர்னோ நகரில் 1661இல் பிறந்து, மணிலாவில் மருந்தாளுநராக வாழ்ந்து, 1706இல் அங்கேயே மறைந்த கேயார்க் யோசஃப் கமெல் என்ற துறவியின் நினைவாக லின்னேயஸ் இட்ட பெயர் அது. கோட்டாறு மக்கள் போற்றும் சவேரியார் சார்ந்திருந்த அதே இயேசு சபையைச் சேர்ந்தவர் அவர். பிலிப்பைன்ஸ் தீவுகளின் மூலிகைகளைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பிய அவர், நம் எட்டி மரத்தின் உறவான இக்னேஷியஸ் கொட்டையைப் பற்றி எழுதியவர் என்ற அளவில் அறியப்பட்டவர். அவர் பெயரைத் தாங்கிய மலரோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஆகவே 'கேமல்' என்று தொடங்காமல் 'கமெல்' என்பதை ஒட்டிக் கமேலியா என்று எழுதுவதே பொருத்தம். தங்கள் குறிப்பில் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தது.

இனி வகைகளுக்கு வருகிறேன். குறிப்பு முழுவதிலும் ஒரே ஒரு வகையின் பெயர்கூட இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். தோவாளைச் சந்தையில் அதிகாலையில் சென்று வெறுமனே 'வெள்ளைப் பூ ஒரு கிலோ' என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பிச்சியா, மல்லிகையா, முல்லையா, சம்பங்கியா, வெள்ளை அரளியா என்று சொல்லியாக வேண்டும். மொட்டின் புறத்தே ஓடும் இளஞ்சிவப்பைக் கண்டே இது பிச்சி என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும் ஊர் அது. அத்தகைய வாசகர்களைக் கொண்ட மாவட்டத்தில், 'கமேலியா' என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டு நிறத்தை மட்டும் அடுக்கினால் அது எப்படிப் போதும்?

கமேலியாப் பேரினத்தில் நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இருநூறைத் தாண்டும் என்று கணக்கிடுவோரும் உண்டு. பூங்காக்களில் பெரும்பாலும் காணப்படுவது 'ஜப்பானிகா' என்ற இனம். ஜப்பானில் இதனைத் 'சுபாக்கி' என்பார்கள். பளபளப்பான தடித்த இலையும், குளிர்காலத்திலிருந்து இளவேனில் வரை மலரும் பெரிய பூவும் இதன் அடையாளங்கள். இதன் பூ வாடி இதழ் இதழாக உதிர்வதில்லை; நம் பவழமல்லி விடியலில் தரையில் கிடப்பது போல, முழுப் பூவாகவே கழன்று விழும். சிம்ஸ் பூங்காவில் மரத்தடியில் பூக்கள் முகம் நிமிர்ந்து கிடப்பதைக் கண்டு, யாரோ பறித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். இதற்கு நேர்மாறாக 'சசாங்குவா' என்ற இனம் கூதிர்காலத்திலேயே பூத்து, இதழ்களைத் தனித்தனியே உதிர்த்துவிடும். அதில் மெல்லிய மணமும் உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்துக்குரிய 'ரெட்டிகுலேட்டா' என்பது மூன்றாவது. உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மறையாத அளவுக்குப் பெரிய பூ. யுன்னானில் லிஜியாங் நகருக்கு அருகிலுள்ள ஒரு புத்தர் கோயிலில், ஒரு பருவத்தில் பல்லாயிரம் பூக்கள் பூப்பதாகப் புகழ்பெற்ற பழைய மரம் ஒன்று இன்றும் இருக்கிறது.

மஞ்சள் நிறத்தைப் பற்றிக் குறிப்பு சொன்னது ஓரளவு சரியே. ஆயினும் அது பலரும் நினைப்பது போல ஜப்பானிகாவின் நிற வேறுபாடு அன்று. தென்சீனாவின் குவாங்சி மலைக்காடுகளில் வளரும் 'நிட்டிடிசிமா' என்னும் தனி இனத்தின் நிறம் அது. மெழுகு பூசியது போன்ற பொன்மஞ்சள் இதழ்களைக் கொண்ட இவ்வினம் 1948இல்தான் அறிவியல் உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதன் மகரந்தத்தைக் கொண்டு பெரிய மஞ்சள் பூவை உருவாக்கலாம் என்று பல நாட்டுத் தோட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்றனர். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வெளிறிய சந்தன நிறத்தோடு நின்றுவிட்டன. நீலக் கமேலியா என்று ஒன்று உலகில் இல்லவே இல்லை. இணையத்தில் அப்பெயரில் உலவும் படங்கள் கணினியில் நிறம் மாற்றப்பட்டவை.

பூவின் அமைப்பைக் கொண்டு பிரிக்கும் முறையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு நந்தியாவட்டையே போதும். ஐந்து இதழோடு ஒற்றை நந்தியாவட்டையும், நெருங்கிய இதழ்களோடு அடுக்கு நந்தியாவட்டையும் இருப்பது போல, கமேலியாவிலும் ஒற்றையிலிருந்து முழு அடுக்கு வரை படிப்படியாக ஆறு அமைப்புகளைச் சொல்கிறார்கள். ஒற்றைப் பூவில் ஒரே சுற்று இதழும் நடுவே கேசரக் கொத்தும் தெளிவாகத் தெரியும். கேசரங்கள் இதழ்களாக உருமாற உருமாற அடுக்கு கூடிக்கொண்டே போகும். கடைசிப் படியான முழு அடுக்கில் ஒரு கேசரம்கூடக் கண்ணில் படாது. கோலத்தில் இட்ட தாமரை போல இதழ்கள் ஓர் ஒழுங்கில் வட்டம் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த வகைகளில் புகழ்பெற்றது 'ஆல்பா பிளினா' என்ற தூய வெள்ளைப் பூ. இது சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகக் கப்பலொன்றில் சென்றது. அக்கப்பலின் பெயர் 'கர்நாட்டிக்'. ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதியின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அந்த மலர் நம் பெயரைச் சுமந்த கப்பலில் ஏறியும் நம் கரையில் இறங்காமல் போனதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எனக்குப் பிடித்ததோ முழு அடுக்கு அன்று. ஜப்பானின் குமமோட்டோப் பகுதியில் வளர்த்தெடுக்கப்பட்ட 'ஹிகோ' என்ற ஒற்றைப் பூ வகையில், சில இதழ்களுக்கு நடுவே நூற்றுக்கு மேற்பட்ட கேசரங்கள் சூரியக்கதிர் போல விரிந்து நிற்கும். அடுக்குப் பூவின் அழகு ஒழுங்கில் இருக்கிறது. ஒற்றைப் பூவுக்கு முகம் இருக்கிறது. இது என் சொந்தக் கருத்து; மறுப்போர் இருக்கலாம்.

வகைகளின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதற்கு ஒரு காரணம், விதையிலிருந்து வரும் ஒவ்வொரு கன்றும் தாயை உரித்து வைத்ததாக இருப்பதில்லை என்பது. மற்றொரு காரணம் இதைவிடச் சுவையானது. ஒரே அந்திமந்தாரைச் செடியில் சிவப்பும் மஞ்சளும் வரியுமாக வேறு வேறு பூக்கள் பூப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கமேலியாவிலும் திடீரென்று ஒரு கிளை மட்டும் வேறு நிறத்திலோ வேறு அமைப்பிலோ பூக்கும். அந்தக் கிளையை வெட்டிப் பதியன் போட்டோ ஒட்டுக்கட்டியோ வளர்த்தால் புதிய வகை. அதற்குப் புதிய பெயர். 'எலிகன்ஸ்' என்ற பழைய வகையிலிருந்து இப்படிப் பிரிந்தவை மட்டுமே ஒரு குடும்பம் அளவுக்கு உள்ளன. சிவப்புப் பூவில் வெள்ளைத் திட்டுகள் தெளித்தாற்போல் இருக்கும் வகைகளில் பல, வைரஸ் நோயால் அப்படி ஆனவை. அந்தத் திட்டுக்காகவே நோயுற்ற செடியின் கிளையை நல்ல செடியில் வேண்டுமென்றே ஒட்டுகிறார்கள். நோயைப் பணம் கொடுத்து வாங்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் வளருமா என்ற கேள்விக்கு வருகிறேன். மண்ணை மட்டும் பார்த்தால் ஆசை வரும். கமேலியாவுக்கு 5 முதல் 6.5 வரை அமிலக் குறியீடுள்ள, நீர் தேங்காத, மக்கு நிறைந்த மண் வேண்டும். ரப்பர் செழிக்கும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சரளைச் செம்மண் அமிலத்தன்மை கொண்டதே. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஆனால் கமேலியா கோடையில் மொட்டு வைத்து, அந்த மொட்டைக் குளிரில் விரிக்கும் செடி. மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத நாகர்கோவிலில், வைத்த மொட்டு விரியாமலே பழுப்பேறி உதிரும். மொட்டை மாடியின் வெயில் இலையைக் கருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று எஞ்சியதை உலர்த்தும். கடலோரத்தில் உப்பு ஏறிய கிணற்று நீரை ஊற்றினால் இலைகள் மஞ்சளாகும். குன்னூரிலிருந்து நானே இரண்டு கன்றுகளைக் கொண்டு வந்து மாமர நிழலில் வைத்து, தேங்காய் நாரும் இலைமக்கும் இட்டு, மழைநீரைப் பிடித்து ஊற்றினேன். ஒன்று முதல் கோடையிலேயே போயிற்று. மற்றொன்று நான்கு ஆண்டுகள் இலையோடு நின்றது. ஒரு பூவும் தரவில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கமேலியா நிற்கிறது. அங்கே கடும் பனியிலிருந்து காப்பதற்காகச் சக்கரத்தில் நகரும் கண்ணாடி வீடு ஒன்றைக் கட்டி, குளிர்காலத்தில் மரத்தின்மேல் உருட்டி வைக்கிறார்கள். உள்ளே அவர்கள் வைத்திருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 4 முதல் 6 டிகிரி செல்சியஸ். அதாவது, அந்த மரத்துக்கு அவர்கள் கொடுக்கும் 'கதகதப்பு' நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அளவு. இதைப் படித்த பிறகு என் இரண்டாவது செடியைப் பற்றி நான் வருந்துவதை விட்டுவிட்டேன். நம் பக்கத்து மலைகளில் ஓரளவு பொருந்தக்கூடிய உயரம் மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதிகளில் உண்டு. ஆனால் அவை காடு, அங்கே அயல்நாட்டுச் செடியை நட எவரும் நினைக்கக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்கே உரிய 'கோர்டோனியா' என்ற மரம் இதே தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது; வெள்ளைப் பூவும் பொன் கேசரமுமாக ஒற்றைக் கமேலியாவைப் போலவே பூப்பது. உறவுப் பூ ஒன்று நம் மலைத்தொடரிலேயே இருக்கிறது என்பதைத் தங்கள் குறிப்பு சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

இனி ஏமாந்த கதை. முதல் வீட்டார் வாங்கியது விதைப் பொட்டலம். மேலே கமேலியாப் பூவின் படம், கமேலியா என்று கொட்டை எழுத்து, அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் 'பால்சம்'. விதைத்து இரண்டு மாதத்திற்குள் பூத்துவிட்டது என்று பெருமையோடு என்னை அழைத்தார்கள். கமேலியா விதையிலிருந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் எனக்கு அப்போதே ஐயம். போய்ப் பார்ப்பதற்குள் அவ்வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள், "அண்ணாச்சி, இது காசித்தும்பைல்லா?" என்று சொல்லி, முற்றிய காய் ஒன்றைத் தொட்டு வெடிக்கவும் வைத்துவிட்டார். கமேலியாவைப் போல அடுக்காகப் பூக்கும் காசித்தும்பை வகைக்கு விதை வணிகத்தில் 'கமேலியாப் பூ பால்சம்' என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. பெயர் பொய்யன்று, அதைப் பாதி மறைத்து அச்சிட்டதுதான் பொய்.

இரண்டாம் வீட்டார் 'நீலக் கமேலியா' என்று ஒரு கன்றை இணையத்தில் வாங்கினார்கள். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தன. ஓரத்தில் பல் இல்லை. கமேலியாவின் இலை ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி அமையும். விரலை ஓட்டினால் ஓரத்தில் நுண்ணிய ரம்பப் பற்கள் தட்டுப்படும். வந்தது கார்டீனியா. காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தேயிலைக் குடும்பத்துச் செடிக்குப் பணம் கட்டியவர்க்குக் காபிக் குடும்பத்துச் செடி வந்து சேர்ந்தது. நல்ல வேளையாக அது நம் ஊரில் நன்கு வளரும், மணமும் உள்ளது. இப்போது வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. அதே விற்பனையாளர் 'மிடில்மிஸ்ட் ரெட்' என்ற வகையையும் சில நூறு ரூபாய்க்குப் பட்டியலிட்டிருந்தார். 1804இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற அந்த வகையில், லண்டனின் சிசிக் மாளிகைக் கண்ணாடி வீட்டில் ஒன்றும் நியூசிலாந்தின் வைத்தாங்கியில் ஒன்றுமாக இரண்டே செடிகள் உள்ளன என்றுதான் பரவலாக எழுதப்படுகிறது. மூன்றாவது செடி கூரியரில் தோவாளைக்கு வருமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

கமேலியா நம் சந்தைக்கு வரவில்லையே என்று குறிப்பின் கடைசி வரியில் ஆதங்கப்பட்டிருந்தீர்கள். பூக்கட்டுபவன் மகன் என்ற முறையில் சொல்கிறேன்: அது மாலைக்கு ஆகாது. காம்பு குட்டை, இதழில் விரல் அழுந்தினால் அந்த இடம் பழுப்பாகிவிடும், ஜப்பானிகாவில் பெரும்பாலான வகைகளுக்கு மணம் இல்லை. அரளி இதழை மடித்து நொச்சி இலையோடு சேர்த்து மணிமணியாகக் கோக்கும் எங்கள் ஊர் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விரல் வேலையைக் கமேலியா ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதை மரத்திலேயே பார்க்க வேண்டும். அல்லது உதிர்ந்த முழுப் பூவை எடுத்து நீர்க் கிண்ணத்தில் மிதக்க விட வேண்டும்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மாடித் தோட்டப் பகுதியில் இனி எந்தச் செடியை அறிமுகம் செய்தாலும், அதன் இனப் பெயரையும் வகைப் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்; அது கடலோரத்துக்கா மலைக்கா என்பதைப் பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு முறை கேட்டு எழுதுங்கள். மற்றொன்று, அக்குறிப்போடு பெரிய அளவில் வெளியான சிவப்புப் பூவின் படம் கமேலியா அன்று, டேலியா. அதையும் ஒரு திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தோவாளை,
கன்னியாகுமரி மாவட்டம்.